எந்த அண்ணன் படம் வேணும்?

ஒத்தக்கடையில் என் மகள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் போன வாரம் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். படத்தை எதில் பார்த்தால் நன்றாக இருக்கும், போனிலா, பெரிய டி.வி.யிலா என்று ஆரம்பித்த பேச்சு, யார் பெரிய நடிகர் என்பதில் போய் முட்டி, ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிக்கிற அளவுக்கு வந்திருந்தது. நான் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் வீடியோ டெக் போட்டவன் என்று மகள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். "சார், உங்க காலத்துலயும் ரெண்டு மாதிரி கேசட் இருந்துச்சாமே? அதுல எது சார் நல்லது?" என்று கேட்டார்கள்.

எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது என்றேன். கிழவன் நழுவுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படியேறிப் போய்விட்டார்கள். சத்தியமாகத் தெரியாது. அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்குப் பாதி விஷயம் புரிந்ததில்லை. அதிலும் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு டெக் கொண்டுபோனேனே, அது இன்னும் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தெளியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

தொழில் பழகிய வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எழுபதுகளில் மதுரைத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டர் அறையில் சேர்ந்தேன். ரீல் சுற்றினேன், வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சி மாற்றினேன், அந்த வெக்கையில் பாதி உடம்பு வற்றியது. ஒரு நாள் எங்கள் ஆபரேட்டர் கடைசிக்கு முந்தின ரீலை எடுத்து நடுவில் ஓட்டிவிட்டார். கதாநாயகி முதலில் செத்தாள், பிறகு காதலித்தாள். சனங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "புது மாதிரி எடுத்திருக்கான்யா" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். சினிமாவைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் அன்றோடு போயிற்று.

எண்பதுகளில் வீட்டிலேயே படம் பார்க்கிற வசதி வந்தது. டி.வி.யையும் டெக்கையும் நாலைந்து கேசட்டையும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்க்கும். செல்லூரில் தறிச்சத்தத்துக்கு நடுவே ஹமீது பாய் என்பவர் வீடியோ கடை வைத்திருந்தார். அவரிடம் டெக் கொண்டுபோய்ப் போடுகிற ஆளாகச் சேர்ந்தேன். 'டெக் மணி' என்று பெயரும் ஆயிற்று. அங்கேதான் கேசட்டில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்துகொண்டேன். பீட்டா என்பது சின்ன கேசட், விஎச்எஸ் என்பது பெரிய கேசட். இதற்கு ஒரு டெக், அதற்கு ஒரு டெக். இது அதில் ஓடாது, அது இதில் நுழையவே நுழையாது. ஒரே படத்துக்கு எதற்கு இரண்டு கேசட் என்று பாயிடம் கேட்டேன். "ரெண்டு கம்பெனிக்காரனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல" என்றார். இன்று வரை எனக்குத் தெரிந்த விளக்கம் அது ஒன்றுதான்.

பாய் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் உதடு மட்டும்தான் அசையும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டெக் வெளியே போவதற்கு முன்னால் அவர் வைத்திருந்த சட்டதிட்டங்கள் ஒரு பூஜைக்கு உரியவை. மூடியைக் கழற்றி, டேப்பில் இருந்து படத்தை எடுக்கிற, உள்ளே பளபளவென்று சுற்றுகிற ஹெட்டை, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய தோலால் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் துடைக்கலாம், மேலும் கீழுமாகத் துடைத்தால் உதடு அசைய ஆரம்பித்துவிடும். துடைக்கும்போது மூச்சுப் படக் கூடாது. கேசட்டை ஆரம்பத்துக்கே சுற்றிவிட வேண்டும். டெக்கைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போக வேண்டும். ஆட்டோவில் காலடியில் வைக்கவே கூடாது. "மடியில வச்சுக்க மணி. பிள்ளை மாதிரி" என்பார்.

போன இடத்தில் சனங்கள் வைத்திருந்த சட்டங்கள் வேறு. ஒரு வீட்டில் டெக்குக்குத் திருநீறு பூசி, நெருப்புப் பட்டுவிடுமோ என்று நான் பதற, சூடம் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் சொந்தமாகக் கறுப்பு வெள்ளை டி.வி. இருந்தது. அதில் கலர்ப் படத்தைப் போட்டால் கேசட்டில் உள்ள கலர் போய்விடுமா என்று வீட்டுக்காரர் கவலையோடு கேட்டார். போகாது என்றேன். சொல்லிவிட்டு வழியெல்லாம் யோசித்தேன். போகாதுதானே?

இதெல்லாம் சின்னக் குழப்பம். பெரிய குழப்பம் ரசிகர்களால் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இரண்டு நடிகர்களுக்குப் பெரிய கூட்டம் உண்டு. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே ஒருவரை மீசைக்காரர் என்றும் மற்றவரைச் சுருட்டைமுடிக்காரர் என்றும் சொல்லிக்கொள்கிறேன். கடைக்குத் தினமும் வந்து உட்காருகிறவர்களில் தறிக்காரன் பாண்டி மீசைக்காரரின் ஆள். டைலர் சேகர் சுருட்டைமுடியின் ஆள். இருவருக்கும் அவரவர் நடிகர் 'அண்ணன்'. பெயர் சொல்ல மாட்டார்கள். "அண்ணன் படம் வந்திருச்சா மணி?" என்று கேட்டால், கேட்கிற முகத்தைப் பார்த்துத்தான் எந்த அண்ணன் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த இரண்டு நடிகர்களும் சேர்ந்து நடித்தது, பல வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரே ஒரு படம். ஒருவருக்கு ஒருவர் தம்பியாக நடிக்க இருவருமே சம்மதிக்காததால் இரட்டைப் பிள்ளைகளாகக் கதை கட்டினார்கள். மூக்கு, காது, தாடை எதுவும் ஒத்துப்போகாத இரட்டைப் பிள்ளைகள். அதில் ஒரு திருவிழாக் காட்சி வரும். ஊர்ச்சனங்கள் இரண்டு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் நோட்டீஸைக் கிழித்து வீசுவார்கள், விசில் காதைக் கிழிக்கும்.

படம் நீளம். கேசட்டில் அடங்காது. கேசட் போட்டவர்கள் ஆளுக்கொரு இடத்தில் வெட்டியிருந்தார்கள். பெரிய கேசட்டில் மீசைக்காரரைத் தூக்குவது இருக்கும், மற்றவரைத் தூக்குவது இருக்காது. சின்ன கேசட்டில் நேர் எதிர். இது போதாதா?

"பெரிய ஆளு பெரிய கேசட்லதான்டா இருப்பாரு" என்பான் பாண்டி.

"பெருசா இருந்தா ஆச்சா மாப்ள? பூசணிக்காயும்தான் பெருசா இருக்கு. சின்னதுல படம் எம்புட்டுத் துல்லியம்! எங்க அண்ணன் பல்ல எண்ணலாம்."

"எண்ணு, எண்ணு. பாதி கட்டுன பல்லு."

இப்படித்தான் செல்லூரில் ஒருவன் எந்த கேசட் கேட்கிறான் என்பதை வைத்தே அவன் எந்த நடிகரின் ஆள் என்று சொல்லிவிடலாம் என்கிற நிலை வந்தது. படம் தெளிவாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பாயிடம் நீங்கள் யார் பக்கம் என்று கேட்டால், "நான் கரண்டு பக்கம். அது இருந்தாத்தான் ரெண்டு பேரும் வருவாக" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் இளம்பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் ஆண்குழந்தை. வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பாண்டியும் சேகரும் வழக்கம் போல உட்கார்ந்திருந்தார்கள். பாய் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்.

"அண்ணன் படம் வேணும்" என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் பாண்டி முந்திக்கொண்டான். "எந்த அண்ணன்?"

"எங்க அண்ணன்."

"எங்களுக்கும் அண்ணன்தாம்மா. எந்த அண்ணன்னு சொல்லு."

அவள் விழித்தாள். "எங்க அண்ணன்தான்... செத்துப்போச்சுல்ல, அந்த அண்ணன்."

அதன் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில்லை. "என்னது?" என்று ஒரு சத்தம். பாண்டி செருப்பைக்கூடப் போடாமல் வடக்கே ஓடினான். சேகர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு தெற்கே ஓடினான். கொஞ்ச நேரத்தில் சந்து சந்தாகத் தறிச்சத்தம் அடங்கியது. செல்லூரில் தறிச்சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்தார். சைக்கிள் கடையில் பலகையைச் சாத்தினார்கள். செத்தது யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. வடக்குச் சந்தில் மீசைக்காரருக்காக அழுதார்கள். தெற்குச் சந்தில் சுருட்டைமுடிக்காரருக்காக மார்பில் அடித்துக்கொண்டார்கள். நானே ஒரு கணம் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயோ விபத்தில் போய்விட்டார்களோ என்று நினைத்துக் கலங்கினேன்.

பாய் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. நான் காதைக் கொடுத்தேன். கடை ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னார். அதில் குஷியான சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதட்டால் சொன்னதை நான் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "செத்திருந்தா இந்தப் பாட்டப் போடுவானாய்யா? போங்கய்யா, போய்த் தறிய ஓட்டுங்க!"

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அந்தப் பெண் குழந்தையைக் கட்டிப் பிடித்தபடி மூலையில் நின்றாள். பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காரு தாயி. சோடா குடி. இப்பச் சொல்லு, யாரு ஒன் அண்ணன்?"

அவள் பெயர் முத்துமாரி. செத்துப்போனது அவள் கூடப்பிறந்த அண்ணன் அழகர். அந்த இரட்டைப் பிள்ளைப் படத்தின் திருவிழாக் காட்சியை வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர்ப்பொட்டலில்தான் எடுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஊர் ஆட்களைப் பிடித்தபோது அழகரும் போயிருக்கிறார். நல்ல வாட்டசாட்டமான ஆள் என்று நடிகரைத் தூக்குகிற வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துவிட்டார். துக்கத்தில் தாயும் மகளும் தியேட்டர் பக்கமே போகவில்லை.

"வீட்ல ஒரு போட்டோகூட இல்லைங்க. போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு ஆத்தா எடுக்க விடல. இப்ப அதையே நெனச்சு நெனச்சு அழுகுது" என்றாள் முத்துமாரி.

இப்போது இடுப்பில் இருந்த பையனுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் உயிரோடு இல்லை என்றால் போட்டோவையாவது பக்கத்தில் வைத்துவிட்டு, பங்காளி யாராவது உட்காருவார்கள். இங்கே போட்டோவும் இல்லை. மாமன் வந்து நிற்காமல் பேரனின் காதில் ஊசி படக் கூடாது என்று தாய் வீராயி ஒரே பிடியாக இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரோ இனியும் தள்ளிப்போட முடியாது, இந்த முறையும் நடக்கவில்லை என்றால் தங்கள் கோயிலில் வைத்துத் தாங்களே குத்திக்கொள்வோம், உங்கள் வீட்டு முறையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே முத்துமாரி ஒரு வழி யோசித்திருந்தாள். படத்தை ஓட்டி, அண்ணன் முகம் வருகிற இடத்தில் நிறுத்தி வைத்தால், அதற்கு முன்னால் பையனை உட்காரவைத்துக் குத்திவிடலாம்.

"நிறுத்த முடியும்தானே சார்?" என்று என்னைக் கேட்டாள்.

முடியும் என்றேன். முழுக்க முடியாது. நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் டெக் தானாகவே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், டேப் தேயாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குள் பாண்டியும் சேகரும் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்திருந்தார்கள். பாய் அவர்களை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். "எந்த நடிகரத் தூக்குனாரு தாயி ஒங்க அண்ணன்?" என்று முத்துமாரியைக் கேட்டார்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. "ஆத்தாகிட்ட மீசைக்காரரத் தூக்குனேன்னு சொல்லுச்சு. எங்கிட்டச் சுருட்டமுடிக்காரர்னு சொல்லுச்சு. ஆத்தாவுக்கு மீசைக்காரரத்தான் பிடிக்கும். எனக்கு அவரு."

"அப்ப ஒண்ணு பொய்" என்றான் சேகர்.

"பெத்தவகிட்ட எவனும் பொய் சொல்ல மாட்டான். எங்க அண்ணனத்தான் தூக்கியிருக்காரு" என்றான் பாண்டி.

தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த ஊர்க்காரர்களும் இப்படித்தான் ஆளுக்கொன்று சொன்னார்களாம். சண்டையை விட்டுப் படத்தைப் போடச் சொன்னார் பாய். முதலில் பெரிய கேசட். மீசைக்காரர் மேலே கையசைத்துக்கொண்டு போகிறார். கீழே ஓர் ஆள். அகன்ற தோள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நடிகரின் முழங்காலும் கழுத்து மாலையும் தொங்குகின்றன. திரும்பத் திரும்ப ஓட்டியும் முகம் வரவில்லை.

"ஏன் பாண்டி, நீ இத எத்தனையோ தடவ பாத்திருக்கியே. கீழ இருக்கறது யாரு, எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன்.

பாண்டி டி.வி.யை உற்றுப் பார்த்தான். "நான் மேலதானண்ணே பாத்தேன்" என்றான்.

சின்ன கேசட்டில் சுருட்டைமுடிக்காரரைத் தூக்கிப் போகிற ஆளின் முகம் கண் சிமிட்டுகிற நேரத்துக்கு வருகிறது. தலையில் துண்டு, முகமெல்லாம் புழுதி. முத்துமாரி டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "அண்ணன் மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. நான் அப்ப சின்னப்பிள்ள சார்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கூடப்பிறந்தவன் முகம் மறந்துபோச்சே என்றுதான் அவள் அழுகிறாள் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரெண்டு டெக்கையும் எடுத்துட்டுப் போ மணி. பெத்தவ பாத்துச் சொல்லட்டும்" என்றார் பாய்.

காதுகுத்தன்று காலையில் கடை டி.வி.யை ஆட்டோவின் பின்னால் கட்டிவிட்டு, நான் ஒரு டெக்கை மடியில் வைத்துக்கொண்டேன். இன்னொன்று யார் மடியில்? பாண்டியும் சேகரும் தாங்களாகவே வந்து நின்றார்கள். வந்ததோடு இல்லை. இரண்டு பேர் கையிலும் தாம்பாளம். பழம், வேட்டி, பையனுக்குச் சட்டை. அண்ணனைத் தூக்கியவர் எங்கள் ரசிகர் மன்றத்து ஆள்தான், மாமன் சீர் எங்கள் மன்றம்தான் செய்யும் என்று இரண்டு மன்றமும் தனித்தனியாக முடிவு செய்திருந்தன. அந்தப் பெண்ணைக் கலங்கடித்த கூச்சமும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். பாண்டி மடியில் சின்ன கேசட் ஓடுகிற டெக்கைக் கொடுத்தேன். அவன் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

வாடிப்பட்டி தாண்டி வயல்களுக்கு நடுவே ஆட்டோ திரும்பியதும் பாண்டியின் பேச்சு நின்றுவிட்டது. அவன் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். நாங்கள் போய் நின்றது காலனித் தெரு. அவன் வீட்டு ஆட்கள் அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். முத்துமாரியின் புருஷன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நானும் சேகரும் குடித்தோம். பாண்டி, "வயிறு சரியில்ல" என்று சொல்லித் தாம்பாளத்தைப் பிடித்தபடி பந்தக்காலில் சாய்ந்து நின்றான். கொடுத்தவர் புரிந்துகொண்டார். செம்பை எடுத்துப் போனார். எனக்கு அவன் மேல் கோபமாக வந்தது. சீர் கொண்டுவந்தவன் தண்ணீர் குடிக்க மாட்டானாம். இது என்ன கணக்கு?

வெளிச்சத்தில் படம் தெரியாது என்று டி.வி.யைச் சுற்றிக் கம்பளியால் கூடாரம் மாதிரி கட்டினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நல்ல நேரம் போகுதப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். காது குத்துகிற ஆசாரி ஊசியோடு தயார். பங்காளிப் பையன் ஒருவன் மாமனாக உட்காரப் புது வேட்டி கட்டி நின்றான். வீராயியை முத்துமாரி கைபிடித்து அழைத்து வந்தாள். ஒல்லியான அம்மாள். டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் டி.வி. கண்ணாடியைத் துடைத்தார். இல்லை என்று இந்த அம்மாள் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

பெரிய கேசட்டை ஓட்டினேன். முகம் தெரியாத அந்தத் தோள் வந்தது.

"இவந்தான்" என்றார் வீராயி உடனே. "எடது தோள எறக்கிட்டு நடக்குறான் பாரு. பொறந்ததுலேருந்து இப்படித்தான்."

பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். சேகர் விடவில்லை. "ஆத்தா, மொகமே தெரியலையே. சின்ன கேசட்டயும் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒயரை மாற்றினேன். புழுதி முகம் வந்து போனது. வீராயி இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடி ஓட்டினேன்.

"இதுவும் அவந்தான்."

பந்தலில் சலசலப்பு. "அதெப்படி ஆத்தா ரெண்டும்?" என்று பாண்டியும் சேகரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன், எம் மகனுக்கு ரெண்டு தோளு இல்லையா?" என்றார் வீராயி. "எங்கிட்ட இவரத் தூக்குனேன்னான். தங்கச்சிகிட்ட அவரத் தூக்குனேன்னான். எம் மகன் பொய் சொல்லமாட்டான்யா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரையும் ஒரே ஆள் தூக்கியிருக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. செல்லூரில் அப்படி ஓர் ஆள் கிடையாது. இருந்தால் இரண்டு சந்திலும் அடி விழும். ஒரே ஆள்தான் தூக்கினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றில் முகம் இல்லை, ஒன்றில் முகமெல்லாம் புழுதி. பெத்தவள் சொல்லிவிட்டாள்.

"சரி, எதுலயாச்சும் நிறுத்துங்கப்பா" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். நான் முகம் வந்த இடத்தில் நிறுத்தினேன். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது.

வீராயி துடித்துப்போனார். "ஏன்யா நிறுத்துற? நிறுத்துனா பொணமால்ல இருக்கு. நடக்க விடுய்யா. எம் மகன் நடக்கட்டும்."

நான் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினேன். அழகர் நடந்தார். பாண்டி அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். "இம்புட்டுத் தடவ பாத்தும் இவரு மொகத்தப் பாக்கலையே ஆத்தா" என்றான்.

"சாமியத் தூக்கிட்டு வாரப்ப தூக்குறவன் மூஞ்சிய எவன்யா பாக்குறான்? பெத்தவதான் பாப்பா" என்றார் வீராயி. பிறகு தாம்பாளங்களைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார். புது வேட்டி கட்டி நின்ற பங்காளிப் பையனைக் கையமர்த்தினார். "எம் மகன் ஒங்க ரெண்டு பேரு அண்ணனையும் தூக்குனான்ல? இப்ப நீங்க ரெண்டு பேரும் சேந்து எம் பேரனத் தூக்குங்கய்யா."

சேகர் உடனே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பாண்டி நின்றான். பந்தலே அவனைப் பார்த்தது. ஏன் நிற்கிறான் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. அவன் டி.வி.யைப் பார்த்தான். அதில் மேலே யார் இருந்தார் என்று அவன் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. திரும்பி முத்துமாரியின் புருஷனிடம், "மச்சான், அந்தத் தண்ணியக் கொண்டாங்க" என்றான். அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடித்தான். சட்டையெல்லாம் நனைந்தது. பிறகு சேகரை இடித்துக்கொண்டு முட்டியோடு முட்டி உட்கார்ந்தான்.

பையனை இரண்டு மடியிலும் சேர்த்துப் படுக்கவைத்தார்கள். தலை பாண்டியிடம், கால் சேகரிடம். ஆசாரி குனிந்தார். ஊசி பட்டதும் பையன் வீறிட்டான். பாண்டியும் சேகரும் அவனை விடச் சத்தமாக அழுதார்கள். நான் கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், ஒயரை மாற்றி மாற்றி இரண்டு டெக்கையும் பின்னால் சுற்றுவதும் ஓட்டுவதுமாக இருந்தேன். வீராயி வெற்றிலைப் பாக்கை டி.வி.க்கு முன்னால் வைத்து, "வந்துட்டியாய்யா" என்றார். அழகர் தோளைச் சாய்த்து நடந்துகொண்டே இருந்தார்.

எது நல்லது என்று மாடிப் பையன்கள் கேட்டார்களே, பையன் காதில் ஊசி பட்டபோது எந்த டெக் ஓடிக்கொண்டிருந்தது என்று இவ்வளவு நேரம் யோசித்துப் பார்த்தேன். சின்னதா பெரியதா, எனக்கு நினைவில்லை.